நூறு வருஷப் படத்தில் ஒரு புதுக் கை

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை மாலை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, நீங்கள் பழுதுபார்த்து அனுப்பிய படத்தைப் பார்த்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள், மாடி வீட்டு டீச்சர். ஆக நான்கு பேர். டீச்சரின் கணவர் வாசல்வரை வந்து, சுவரில் ஒரு நிழல் ஆளில்லாமல் தனியாக நடப்பதைப் பார்த்துவிட்டு, "நான் அப்புறமா வரேங்க" என்று திரும்பிப் போனவர்தான். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நான் கேட்கப்போகிற விஷயத்தை இந்த நால்வரில் நான் மட்டுமே கவனித்தேன். பிறகு மகளுக்கு மட்டும் காட்டினேன். மற்ற இருவருக்கும் தெரியாது.

முதலில் நன்றி. டிஸ்க் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது, அதோடு இருந்த சின்னப் புத்தகமும். கறுப்பு வெள்ளைப் படம் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இரவெல்லாம் நீலம், வீட்டுக்குள் மஞ்சள், பயப்பட வேண்டிய இடத்தில் பச்சை. டிவிக்கு என்னவோ ஆகிவிட்டதென்று இவர் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். மகள் புத்தகத்தைப் புரட்டி, "அந்தக் காலத்துல பிலிமையே சாயத்துல முக்கி எடுப்பாங்களாம்ப்பா, அத அடிக்காதீங்க" என்றாள். அதன் பிறகும் பேச்சு வருமென்று டீச்சர் கால் மணி நேரம் காத்திருந்தார். ஊமைப் படம் என்று சொல்லியும் மனசு ஆறவில்லை. "இவ்வளவு வாயசைக்கிறாங்க, ஒரு வார்த்தையாவது வெளிய விடக் கூடாதா" என்றார்.

கதை எனக்குப் புரிந்தது. வீடும் வாசலும் கோணிக்கொண்டு நிற்கும் ஒரு ஊர். அங்கே ஒரு தையல்காரன், பொழுது சாயும்போது கடைக் கண்ணாடியில் விழும் நிழல்களுக்கு நாடா வைத்து அளவெடுக்கிறான். யாரும் கேட்காத கோட்டைத் தைத்து வீடு தேடி அனுப்புகிறான். போட்டுக்கொண்டவனைக் கோட்டு இழுத்துக்கொண்டு போகிறது, திரும்புவதில்லை. தையல்காரனுக்குக் கண் மங்கல். ஊசியில் நூல் கோத்துத் தருவது அவன் மனைவி. "இந்தம்மா ஏன் கோத்துக் குடுக்குது, முடியாதுன்னு எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே" என்று டீச்சர் கேட்டார். "கட்டுனவன் கேட்டா என்ன பண்ணும், பாவம்" என்றார் இவர். அப்போதுதான் திரை நிறைய அந்தக் கை வந்தது, நூல் கோக்கும் கை.

மறுநாள் எல்லோரும் வெளியே போன பிறகு அந்த இடத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனியில் உள்பக்கமாக மடிந்திருக்கிறது. எட்டு வயதில் அலமாரிக் கதவில் நசுங்கிய விரல் அது. இன்னொன்று. ஊரில் எல்லோரும் நூலை ஊசியிடம் கொண்டுபோவார்கள். எங்கள் அம்மா நூலை இரண்டு விரலுக்கு நடுவே துளி நுனி மட்டும் தெரியப் பிடித்துக்கொண்டு, ஊசியை அதன் மேல் இறக்குவாள். அவளிடம் படித்தவர்கள் இரண்டே பேர், நானும் சின்னவளும். நான் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

என் தங்கையின் கை, உங்கள் மனைவியின் கை, நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் படத்துக்குள் எப்படிப் போனது?

எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது, உங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் போன் செய்தால் குளிக்கிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள். போனை வைத்துவிடலாம், கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆண்டவன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். டிவி வாங்கிய அடியைப் பற்றி இங்கே பட்டறையில் சொன்னேன். எங்கள் மேற்பார்வையாளர் சிரிக்காத மனிதர், அவரே சிரித்துவிட்டார்.

கைக்கு வருகிறேன். இந்தப் படத்துக்கு உலகத்தில் மிஞ்சியவை இரண்டே பிரதிகள். ஒன்று மூடிப்போன தியேட்டரின் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. சுருங்கி, ஓரமெல்லாம் சருகு மாதிரி நொறுங்கும். மற்றதில் பாதியைப் பூஞ்சை தின்றுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இல்லாததை மற்றதிலிருந்து எடுத்து, கட்டம் கட்டமாகத் துடைத்து, ஸ்கேன் செய்து, கீறலை எடுத்துச் சேர்த்தோம். ஒன்றரை வருஷ வேலை. சுருங்கிய பிலிமில் நேரான விரலும் வளைந்துதான் தெரியும். தூண்கூட ஆடும், விரலுக்கு என்ன வந்தது?

அது அந்தக் காலத்து நடிகையின் கை. எப்போதோ போய்ச் சேர்ந்த புண்ணியவதி, அவரை நிம்மதியாக விடுங்கள். சுண்டுவிரல் கோணலாக இருப்பது உங்கள் வீட்டுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா என்ன? நூல் கோப்பதும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு பழக்கம்.

டிஸ்கில் இன்னொரு பகுதி உண்டு, பழுதுபார்க்கும் முன்னும் பின்னும் என்று. அதையும் பாருங்கள். மழை பெய்வது போல இருந்த படம் எப்படி வெளுத்தது என்று தெரியும்.

சின்னவள் நலம். வேலை அதிகம். எழுதச் சொல்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் பிலிமுக்கு ஒன்றே முக்கால் பக்கம், என் தங்கைக்கு மூன்று வாக்கியம். தினம் வரவு செலவு எழுதுகிறவளுக்கு இது ஒன்றே போதும். சொல்ல விருப்பமில்லாததைத்தான் மனிதர்கள் சின்ன எழுத்தில் ஓரமாக எழுதுவார்கள்.

சின்ன எழுத்து என்றதும் மகளை உட்கார வைத்து அந்தப் புத்தகத்தைக் கடைசி அட்டைவரை வாசிக்கச் சொன்னேன். எந்த ரீல் எங்கிருந்து வந்தது, யார் யாருக்கு நன்றி, எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: இரண்டு பிரதிகளிலும் இல்லாத ஒரு ஷாட், மூலத் திரைக்கதையைப் பின்பற்றிப் புதிதாகப் படமாக்கப்பட்டது. மகள் என்னைப் பார்த்தாள். "சித்தப்பா நல்லா மாட்டிக்கிட்டாரும்மா" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பூசணிக்காயைப் படம் பிடித்துத் தபாலில் அனுப்பிவிட்டு மறைக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். படம் முழுக்க, நீங்கள் எவ்வளவு துடைத்தும், திரை மெல்ல மூச்சு வாங்குகிறது. அந்தக் கை வரும் இடத்தில் மட்டும் மூச்சு இல்லை, அசையாமல் நிற்கிறது. தையல்காரன் மனைவியாக வரும் அம்மா மற்ற இடங்களில் கனமான மோதிரம் போட்டிருக்கிறார். நூல் கோக்கும் கையில் மோதிரமே கிடையாது. சின்னவள் மோதிரத்தைக் கழற்றினதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்ற மாட்டாள். "கழட்டுனா வேற எவளாவது போட்டுக்குவா" என்பாள். அது வேடிக்கைப் பேச்சு, ஆனாலும் கழற்றியதில்லை.

ஆக, நேராகவே கேட்கிறேன். நீங்கள் இருவரும் பிரிந்துவிட்டீர்களா? அவள் இப்போது உங்களோடு இருக்கிறாளா, இல்லை வேறெங்காவது இருந்துகொண்டு அன்று ஒருநாள் கையை மட்டும் காட்ட வந்தாளா? போன் எடுக்காததற்கும், நீங்கள் மூன்று வாக்கியம் எழுதுவதற்கும் இதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. என் வீட்டுக்காரரிடம் பட்டும் படாமல் கேட்டேன். "புருஷன் பொண்டாட்டி விஷயம், நீ எதுக்குத் துருவுற" என்கிறார். அவருக்குத் தங்கை இல்லை.

அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். திட்டியே எழுதட்டும், பரவாயில்லை.

அக்கா


ஜூலை 1

அக்கா,

நாங்கள் பிரியவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இதை எழுதும்போது அவள் அடுத்த அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். மோதிரம் மேசை டிராயரில் இருக்கிறது. வேறு எவளும் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஷாட்டில் இருப்பது அவள் கைதான். நான் எழுதியது பொய். மன்னித்துவிடுங்கள்.

அவளிடம் ஒரு வரி கேட்டேன். எழுத மாட்டேன் என்றாள். கேட்டதற்கு எனக்கும் கிடைத்தது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வாசல் காவல் நின்று எனக்குக் கால் கடுக்கிறது அக்கா. நீங்கள் தட்டுகிறீர்கள், அவள் திறக்காதே என்கிறாள். கதவைப் பிடித்துக்கொண்டிருப்பவனை யாரும் கேட்பதில்லை.

மேற்கொண்டு எதையும் கேட்காதீர்கள்.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதல் கடிதத்திலேயே எழுத வேண்டிய ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் வைத்திருந்தேன். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்ப்பதற்காக. அந்தப் புறங்கையில், மணிக்கட்டுக்கு மேலே, ஒரு சதுரம் இருக்கிறது. மற்ற தோலைவிட வெளுப்பாக, பிளாஸ்திரியை அப்போதுதான் பிய்த்தெடுத்தது போல. சதுரத்தின் நடுவில் ஒரு புள்ளி. திரையில் ஒரு கணம்தான் வருகிறது. பிலிமில் விழுந்த கறை என்று மகள் சொன்னாள். புதிதாக எடுத்த ஷாட்டில் பழைய கறை எப்படி வரும்?

அந்தச் சதுரம் எனக்குத் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மருந்து ஏற்றிய ஊசியை எடுத்த பிறகு, நான் தினம் துடைத்துவிட்ட கை அப்படித்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் கையும் அப்படித்தான் இருந்தது. விரல் மெலிந்தால் மோதிரம் நிற்காது, டிராயருக்குத்தான் போகும். இதை நினைக்கப் பயந்துதான் பிரிந்துவிட்டீர்களோ என்று கேட்டேன், அது எவ்வளவு சின்னப் பயம் என்று இப்போது தெரிகிறது.

மறுபடியும் வந்துவிட்டதா?

சொல்லாமல் இருப்பதற்கு அவளுக்கு என்ன காரணம் என்று நான் அறிவேன். போன முறை நான் எங்கள் வியாழக்கிழமைப் பிரார்த்தனைக் குழுவில் சொன்னேன். அவர்கள் தங்கள் வீடுகளில் சொன்னார்கள். அவள் இங்கே வந்திருந்தபோது, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் முகம் தெரியாத ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எந்தப் பக்கம்மா கட்டி" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு வந்து கத்தினாள், "என் உடம்ப நீ தெருத்தெருவா நோட்டீஸ் ஒட்டிட்டக்கா" என்று. நான் என்ன கொலையா செய்தேன்? என் தங்கை பிழைக்க வேண்டுமென்று நாற்பது பேர் கண்ணை மூடிக் கேட்டார்கள். அவள் பிழைத்தாள். அதை நான் தப்பென்று எப்படிச் சொல்ல? அப்படிச் சொன்னால் ஆண்டவனிடம் கேட்டதையே திருப்பி வாங்கிக்கொள்வது போல ஆகாதா?

நீங்கள் பதில் எழுதாவிட்டால் ரயிலேறி வருவேன். கதவைத் திறக்காவிட்டால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். நான் மிரட்டவில்லை. எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

ஆம். வந்துவிட்டது. பிப்ரவரியில் தெரிந்தது. மருந்து ஏற்றி ஒரு சுற்று முடிந்திருக்கிறது. இந்த மாதக் கடைசியில் ஆபரேஷன். டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசுகிறார். ஆனால் "பார்ப்போம்" என்ற சொல்லைப் போன முறையைவிட அதிகமாகச் சொல்கிறார்.

தெரிந்த அன்றே அவள் என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அக்காகிட்ட சொல்லக் கூடாது, எழுதக் கூடாது. மறுபடியும் நாற்பது பேர் என்ன நெனச்சு அழறத என்னால தாங்க முடியாது." தலையாட்டினேன். இந்தக் கடிதத்தோடு அந்தச் சத்தியம் போயிற்று.

அந்த ஷாட் எடுத்த நாளைச் சொல்கிறேன். தையல்காரன் கடைசிக் கோட்டைத் தைக்க உட்காருகிறான். அவன் மனைவி நூல் கோக்க வேண்டும். இரண்டு பிரதியிலும் அந்த இடம் கிழிந்து போயிருந்தது. அது இல்லாவிட்டால் படம் பாதிக் கிணறு தாண்டின மாதிரி நிற்கும். பழைய கேமரா ஒன்று வாடகைக்கு வாங்கி, விளக்கெல்லாம் கட்டி, நாடக நடிகை ஒருத்தியை வரச் சொல்லியிருந்தோம். அவள் வரவில்லை. சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, வீட்டுக்குப் போக எனக்காகக் காத்து ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வையாளர் அவளைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு ஊசியில நூல் கோக்க வருமா?"

"எங்க வீட்ல அது மட்டும்தான் ஒழுங்கா வரும்" என்றாள்.

அவர் நூலை ஊசியிடம் கொண்டுபோகச் சொன்னார். இவள் ஊசியை நூலிடம் கொண்டுபோனாள். அப்படி வேண்டாம் என்றார். "எனக்கு இப்படித்தான் வரும். பிடிக்கலேன்னா நீங்களே கோத்துக்குங்க" என்றாள். அவர் விட்டுக்கொடுத்தார். ஏழெட்டு முறை எடுத்தோம். நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னாள், "பாருங்க, ஹீரோயின் ஆயிட்டேன். மூஞ்சி மட்டும் வேணாம்னுட்டாங்க." பல நாள் கழித்து அவள் சிரித்தது அன்றுதான்.

அந்தச் சதுரத்தை மறைக்கப் பவுடர் போட்டது நான்தான். மேற்பார்வையாளர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பவுடர் போதாது, விளக்கு வெளிச்சத்தில் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. இன்னொரு பூச்சுப் பூசியிருக்கலாம். பூசவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் அழித்திருக்கலாம். ஆயிரக்கணக்கான கீறலை அழித்தவனுக்கு ஒரு புள்ளி பெரிய காரியம் இல்லை. அதையும் செய்யவில்லை.

அதன் பிறகு டிஸ்க் வந்தது. சொந்தக்காரர்களில் யாருக்கும் அனுப்பவில்லை, உங்களுக்கு மட்டும் அனுப்பினேன். பேய்ப் படம் என்றாலே அறையை விட்டு எழுந்து போகிற உங்களுக்கு எதற்கு அனுப்புகிறோம் என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. முதல் கடிதம் வந்ததும் பயந்துபோய்ப் பொய் எழுதினேன். நினைத்தது நடந்தால் எனக்கு இவ்வளவு நடுக்கம் வருமென்று எதிர்பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து பழக்கமாகிவிட்டது அக்கா. ஆனால் ஆபரேஷன் அன்றைக்குத் தனியாக உட்கார முடியாது என்று தோன்றுகிறது.

இன்று சாயங்காலம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். என்னை வீட்டில் வைத்திருக்கிறாளா பார்ப்போம். அதுவரை ரயிலேறாதீர்கள். படிக்கட்டில் உங்களைப் பார்த்தால் அவள் ஆபரேஷனுக்கே போக மாட்டாள். அவளுடைய பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததல்ல, அதுவும் ஒரே வீட்டுச் சரக்குதானே.

தம்பி


ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். என் வீட்டுக்காரர் வெளியே நின்று, "என்ன, உள்ளயே குடித்தனம் பண்றியா" என்று கேட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவரிடம் சொல்லவில்லை. மகள் பாதி ஊகித்துவிட்டாள். "சித்தி விஷயம் உன்னோடவும் என்னோடவும் நிக்கணும்" என்றேன். "என்கிட்ட ஏம்மா சொல்ற, நீ பத்திரமா இரு" என்றாள். அந்தப் பேச்சு எனக்குத் தேவைதான்.

நேற்று வியாழக்கிழமை. வழக்கம்போலக் குழுவுக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே வருவார்கள். வந்திருந்தவர்கள் பதினாறு பேர். தலைமை தாங்கும் அம்மாள் என்னிடம் வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். "முகம் வாடியிருக்கே, யாருக்காகக் கேக்கணும், பேர சொல்லும்மா" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு வாய் திறந்துவிட்டது. இருபது வருஷமாக அந்தப் பாயில் உட்கார்ந்து எதையும் ஒளித்ததில்லை தம்பி. அவள் பெயரின் முதல் எழுத்து நாக்கு நுனிவரை வந்தது. "யாருமில்லீங்க. எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன். அவர் அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். ஆண்டவன் முன்னால் துணிந்து நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுகிறாரோ, எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள் மேல், உங்கள் மேல், அந்தப் பஸ் நிறுத்தத்து அம்மாள் மேல். நாற்பது பேர் கேட்டால் வலுவாக இருக்கும், நான் ஒருத்தி கேட்டால் போதுமா என்ற பயம் வேறு. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. போன முறை நான் செய்தது தப்பு என்று இப்போதும் என்னால் எழுத முடியவில்லை. ஆனால் அவள் உடம்பு விஷயம் அவள் வாயிலிருந்துதான் வெளியே வர வேண்டும் என்றால், அப்படியே இருக்கட்டும். நான் மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சத்தமில்லாமல்.

நீங்கள் அவளிடம் சொல்லிவிட்டீர்களா, என்ன சொன்னாள், எதுவும் எனக்குத் தெரியாது. மூன்று நாளாகத் தபால்காரரின் சைக்கிள் மணிக்கு வாசலுக்கு ஓடுகிறேன். ரயிலேற மாட்டேன். டிக்கெட் எடுக்கவில்லை, விசாரிக்கக்கூட இல்லை. ஆபரேஷன் அன்றைக்கு அந்தத் தாழ்வாரத்தில் உங்கள் பக்கத்தில் நான் உட்காரலாமா என்று அவளிடம் கேளுங்கள். அவளைப் பார்க்க உள்ளே வர மாட்டேன், அவளாகக் கூப்பிட்டால் தவிர. யாரிடமும் சொல்லிவிட்டு வர மாட்டேன். யாரையும் கூட்டி வர மாட்டேன்.

இதை வாசித்துக் காட்டி, அவள் என்ன சொல்கிறாளோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள். என் மனசு நோகுமென்று பூசி மெழுக வேண்டாம். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

அக்கா